நைத்திரேற்று அளவைச் சொல்லாத போத்தலை வாங்காதீர்கள்: பீற்றூட் சப்ளிமென்ட் பற்றிய ஒரு மதிப்புரை

திருகோணமலை உதைபந்தாட்ட வீரர்களிடையே பீற்றூட் சப்ளிமென்ட் பற்றிய பேச்சு இப்போது அதிகம். மாலையில் ஏகாம்பரம் மைதானத்திலோ மக்கெய்சர் மைதானத்திலோ பயிற்சி முடிந்து பாதணியைக் கழற்றும் நேரத்தில், யாராவது ஒருவர் தன் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருப்பார். கொழும்பிலிருந்து வருவிக்கும் சிறு சாற்றுப் போத்தல், இணையத்தில் வாங்கும் தூள், மருந்தகத்தில் புரத மா டின்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் மாத்திரை, பழச்சாற்றுக் கடையில் அடித்துத் தரும் புதுச் சாறு என்று நான்கு வடிவங்களில் அது எங்களிடம் வந்து சேர்கிறது. கழகப் பயிற்றுநர் என்ற முறையில், இருபது வயதைக் கடந்த வீரர்களோடு சேர்ந்து இந்த நான்கையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். பீற்றூட்டில் ஓட்டத்துக்கு உதவும் பொருளாகிய நைத்திரேற்றின் அளவு மில்லிகிராமில் அச்சிடப்பட்டிருக்கும் செறிவான சாறு மட்டுமே கொடுக்கும் காசுக்குத் தகுந்தது என்பது என் தீர்ப்பு. மாத்திரை வீண் செலவு. தூள், லேபிளைப் பொறுத்தது. கடைச் சாறு உடம்புக்கு நல்லதுதான், ஆனால் ஒரு கிளாஸ் ஆட்டத்துக்குப் போதாது.

இந்தத் தீர்ப்புக்கான காரணம் நைத்திரேற்றில் இருக்கிறது. பீற்றூட்டின் சிவப்பு நிறத்தைப் பார்த்து அது குருதியைக் கூட்டும், அதனால்தான் ஓட முடிகிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நிறத்தைத் தருவது பீற்றலேயின் என்ற நிறப்பொருள். ஓட்டத்துக்கு உதவுவது கிழங்கு மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேமித்து வைத்திருக்கும் நைத்திரேற்று. நாம் குடிக்கும் நைத்திரேற்று சிறுகுடல் வழியாகக் குருதியில் கலந்த பின், அதில் ஏறத்தாழ காற்பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் மறுபடியும் வாய்க்குக் கொண்டுவருகின்றன. நாக்கின் பின்புறத்தில் வாழும் பற்றீரியாக்கள் அங்கே அதை நைத்திரைற்று என்ற வேறொரு சேர்மமாக மாற்றுகின்றன. விழுங்கப்பட்டு மீண்டும் குருதியில் சேரும் அந்த நைத்திரைற்று, ஒட்சிசன் குறைந்துபோன தசைகளில் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவாக மாறிக் குருதிக்குழாய்களை விரிவடையச் செய்கிறது. இந்த வாயு உடலுக்குள் சமிக்ஞை மூலக்கூறாக இயங்குவதைக் கண்டறிந்ததற்காக றொபேட் பேர்ச்கொட், லூயிஸ் இக்னாறோ, பெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒட்சிசன் குறைவாக இருக்கும்போதுதான் இந்த மாற்றம் நன்றாக நடக்கிறது என்பது குழு விளையாட்டுக்கு மிக முக்கியம். பந்தைத் துரத்தி வெடித்து ஓடி, நின்று, மூச்சு அடங்குவதற்குள் மறுபடியும் ஓடும் வீரனின் வேகத் தசை நார்கள் இயங்குவது அப்படிப்பட்ட சூழலில்தான்.

ஆய்வுகள் என்ன காட்டின என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விற்பவர்கள் அவற்றிலிருந்து ஒரேயோர் எண்ணை மட்டும் பொறுக்கி எடுத்துப் போத்தலில் ஒட்டுகிறார்கள். 2009இல் இங்கிலாந்தின் எக்செற்றர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாளுக்கு அரை லீற்றர் பீற்றூட் சாற்றை 6 நாட்கள் குடித்தவர்கள் கடுமையான சைக்கிள் ஓட்டத்தில் களைத்து விழும் வரை தாக்குப்பிடித்த நேரம் ஏறத்தாழ 16 சதவீதம் கூடியதைக் கண்டார்கள். விளம்பரங்களில் இன்றும் வருவது அந்த 16தான். களைத்து விழும் வரை ஓட்டும் சோதனை வேறு, தொண்ணூறு நிமிட ஆட்டம் வேறு. எங்களுக்குப் பொருத்தமானது 2013இல் அதே பல்கலைக்கழகம் குழு விளையாட்டு வீரர்கள் 14 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு. இருபது மீற்றர் தூரத்தைப் போய்த் திரும்பி, பத்து விநாடி ஆறி, வேகம் கூடக் கூட மறுபடியும் ஓடும் யோ-யோ சோதனையை அதில் பயன்படுத்தினார்கள். பீற்றூட் சாறு குடித்தபோது வீரர்கள் சராசரியாக 1704 மீற்றர் ஓடினார்கள். நைத்திரேற்று நீக்கிய, அதே நிறமும் சுவையும் கொண்ட சாற்றைக் குடித்தபோது 1636 மீற்றர். வித்தியாசம் 4.2 சதவீதம். சோதனையின் கணக்கில் அது இரண்டு சுற்றுக்கும் குறைவு. ஆனால் எண்பதாவது நிமிடத்தில் எதிரணி வீரனுக்கு முன்னால் பந்தைத் தொடுவதற்கு அந்த இரண்டு சுற்று மூச்சு எவ்வளவு பெறுமதியானது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

2016இல் 36 வீரர்களோடு நடந்த இன்னோர் ஆய்வில் யோ-யோ தூரம் 3.9 சதவீதம் கூடியது. அதோடு 5, 10, 20 மீற்றர் வேக ஓட்டங்களும் 1.2 முதல் 2.3 சதவீதம் வரை வேகமடைந்தன. அடுத்த ஆண்டில், பயிற்சி பெற்ற 32 உதைபந்தாட்ட வீரர்கள் 6 நாட்கள் செறிவான சாறு குடித்தபோது 3.4 சதவீத முன்னேற்றம் பதிவானது. இவற்றுக்கு நேர்மாறாக, 2014இல் வெளியான ஓர் ஆய்வில் திரும்பத் திரும்பச் செய்யும் குறுவேக முயற்சிகளில் எந்தப் பயனும் தெரியவில்லை. உச்ச நிலைத் தகுதியுடைய வீரர்களுக்குப் பலன் குறைவு என்பதையும் பல ஆய்வுகள் சொல்கின்றன. எங்களைப் போல வேலை முடிந்து வந்து மாலையில் பயிற்சி செய்பவர்களுக்கு இது நல்ல செய்தியே. சோதனைகளில் தெளிவாகப் பயன் பெற்றவர்கள் பெரும்பாலும் எங்கள் தரத்து வீரர்கள். பங்கேற்றவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள் என்பதால், வலைப்பந்தாட்டம் ஆடும் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு இதே எண்களை வாக்குறுதியாகக் கொடுக்க நான் தயாரில்லை. 2018இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிபுணர்கள் வெளியிட்ட அறிக்கை, ஆற்றலை மேம்படுத்த நல்ல சான்று உள்ளவையாகக் கபேயின், கிரியேற்றின், நைத்திரேற்று, பீற்றா அலனின், சோடியம் இருகாபனேற்று ஆகிய ஐந்தை மட்டுமே குறிப்பிட்டது. கடை அலுமாரிகளில் அடுக்கியிருக்கும் நூற்றுக்கணக்கான டின்களை நினைத்துப் பார்த்தால், அந்த ஐந்தில் ஒன்றாக இருப்பது சிறிய விடயமல்ல.

திருகோணமலைக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது வெப்பம் பற்றியது. மேற்சொன்ன சோதனைகள் இங்கே கச்சான் எனும் சூடான தென்மேற்குக் காற்று வீசும் ஆடி மாதத்து மைதானத்தில் நடந்தவை அல்ல. சூட்டில் சைக்கிள் ஓட்டிய வீரர்களிடம் நடத்திய ஆய்வில் நைத்திரேற்று ஓட்டத்தை முடிக்கும் நேரத்தைக் குறைக்கவில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பாலைவன வெப்பத்தில் நடந்தவர்களுக்கு ஒட்சிசன் தேவை குறைந்தபோதிலும் உடலின் உள்வெப்பம் கூடுதலாக உயர்ந்தது. ஆகவே பிற்பகல் மூன்றரை மணி வெயிலில் தொடங்கும் ஆட்டத்துக்குப் பீற்றூட் சாற்றை நம்பிக்கொண்டு தண்ணீரையும் உப்பையும் குறைப்பவர் தன் உடம்போடு விளையாடுகிறார். எங்கள் வீரர்களுக்கு முதலில் தண்ணீர், இளநீர், உப்புப் போட்ட கஞ்சி, போதிய நித்திரை. அதற்குப் பிறகுதான் போத்தல். மின்னொளியில் இரவு நடக்கும் சுற்றுப்போட்டிகளில் சாற்றின் பலன் எங்கள் ஆட்களிடம் கூடுதலாகத் தெரிந்தது என்பது என் அவதானிப்பு. அதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனிப் பொருட்கள். செறிவான சாற்றுக்கு உதாரணமாக இங்கிலாந்தின் சவுபோக்கில் தயாராகும் ‘பீட் இட் ஸ்போர்ட்’ போத்தலை எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட வகையும் இதுவே. 70 மில்லிலீற்றர் அளவு. அதில் 400 மில்லிகிராம் நைத்திரேற்று என்று லேபிளிலேயே எழுதியிருக்கிறது. பெரும்பகுதி செறிவூட்டிய பீற்றூட் சாறு. சிறிதளவு எலுமிச்சைச் சாறு. திறப்பதற்கு முன் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கருஞ்சிவப்புப் பாகு போல ஒரு மண்டி தங்கிவிடும். மூடியைத் திறந்ததும் மழை பெய்த தோட்டத்து மண்ணின் வாசம் வரும். முதலில் தடித்த இனிப்பு, பின்னர் எலுமிச்சையின் புளிப்பு, கடைசியில் தொண்டையில் நிற்கும் மண் சுவை. இரண்டு மிடறில் முடிந்துவிடும் என்பதே இதன் பெரிய வசதி. எங்கள் அணியில் சிலருக்கு இந்தச் சுவை ஒத்துவரவேயில்லை. அவர்கள் குளிரூட்டிக் குடித்து, பின்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கிறார்கள். வெள்ளை ஜேர்சியில் ஒரு துளி பட்டாலும் கறை லேசில் போகாது.

விலைதான் இதன் பெரிய குறை. இறக்குமதிச் செலவும் கூரியர் செலவும் சேர்ந்து, ஒரு போத்தலின் விலைக்கு எங்கள் சந்தையில் சில கிலோ பீற்றூட் வாங்கிவிடலாம். கூலி வேலைக்கும் கடற்றொழிலுக்கும் போய்விட்டு வந்து பந்து விளையாடும் ஓர் இளைஞனிடம் வாராவாரம் இதை வாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அரையிறுதி, இறுதி போன்ற ஆட்டங்களுக்குக் கழகமே வாங்கிக் கொடுப்பதென்றால் நியாயம்.

மாத்திரையின் கணக்கு எளிமையானது. நாங்கள் பார்த்த குப்பியில் மாத்திரை ஒன்றுக்கு 500 மில்லிகிராம் பீற்றூட் தூள் என்று எழுதியிருந்தது. நைத்திரேற்று பற்றி ஒரு சொல்லும் இல்லை. உலர்ந்த பீற்றூட்டின் நிறையில் நைத்திரேற்று இரண்டு சதவீதம் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம்தான் இருக்கும். ஒரு சாற்றுப் போத்தலுக்கு ஈடாக 40 மாத்திரை விழுங்க வேண்டும். கடையில் நின்றவரிடம் நைத்திரேற்று அளவைக் கேட்டபோது, “தம்பி, இது நூறு வீதம் பீற்றூட், அதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நூறு வீதத்துக்குள் நமக்கு வேண்டியது எவ்வளவு என்பதைக் குப்பி அவருக்கும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை என்று எழுதி விற்கும் பொருளை ஆற்றல் தரும் சப்ளிமென்ட் என்று நம்பி வாங்கும் இளைஞர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தூள் இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. ஒரு தடவைக்குப் பத்து கிராம் கலக்கச் சொல்லும் நல்ல தூளில் 200 மில்லிகிராம் வரை நைத்திரேற்று இருக்கக்கூடும்; மலிவான தூளில் சீனியும் மாப்பொருளும் நிறமும் மட்டும் மிஞ்சக்கூடும். வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய வழி கிடையாது. விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கப்படும் 24 பீற்றூட் பொருட்களை ஆய்வுகூடத்தில் சோதித்து 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நைத்திரேற்று அளவு ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 50 மடங்கு வரை வேறுபட்டது. ஒரு தடவைக்குத் தேவையான குறைந்தபட்ச அளவாகிய 310 மில்லிகிராமைத் தந்தவை ஐந்தே ஐந்து. ஒரே பொருளின் வெவ்வேறு போத்தல்களுக்கிடையிலும் அளவு மாறியது. தூளுக்கு எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடற்காற்றின் ஈரப்பதத்தில், திறந்த டின்னுக்குள் தூள் கட்டிபட்டு, கரண்டி அதற்குள்ளேயே இறுகி நின்றுவிடுகிறது. பிறகு எந்த அளவில் அள்ளுகிறோம் என்பதே நிச்சயமில்லை. சிறு பைக்கற்றுகளாக வருவதை வாங்குவது மேல்.

பழச்சாற்றுக் கடையைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமே உண்டு. கண் முன்னால் தோல் சீவி, கரட்டோடு சேர்த்து அடித்து, தேசிக்காய் பிழிந்து தருகிறார்கள். களைத்து வருபவனுக்கு அது ஒரு சுகம். ஆனால் ஒரு கிளாசில் பாதி தண்ணீர், ஐஸ், சீனி. சில இடங்களில் பாலும் சேரும். ஆய்வில் பயன்பட்ட அரை லீற்றர் தனிச் சாற்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கிழங்கு வேண்டும். அதை வீட்டில் செய்வதே சிக்கனம். வெலிமடையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் கிழங்கை, இலை வாடாமல், கை வைத்தால் கல் போல இறுக்கமாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பிழிந்த சாற்றை உடனே குடியுங்கள், அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நைத்திரேற்று நிறைந்த சாறு எங்கள் ஊர் வெக்கையில் மேசையில் கிடந்தால், அதில் பெருகும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றைப் போத்தலுக்குள்ளேயே நைத்திரைற்றாக மாற்றத் தொடங்கிவிடும். அந்த நிலையில் அது அளவு தெரியாத, தீங்கு செய்யக்கூடிய பானம். காலையில் அடித்துத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, மாலை மைதானத்துக்கு மோட்டார் சைக்கிள் பெட்டியில் கொண்டுவரும் பழக்கத்தை எங்கள் கழகத்தில் கண்டிப்பாக நிறுத்திவிட்டோம்.

சாறு பிடிக்காதவர்களுக்குச் சோற்றுத் தட்டே போதும். நைத்திரேற்று நீரில் கரையும். சமையல் சூட்டில் இலேசில் அழியாது. ஆகவே பீற்றூட்டை அவித்து நீரை ஊற்றிவிட்டால் நைத்திரேற்றும் அதோடு போகும். தேங்காய்ப்பாலில் குழம்பாக வைத்தால் குழம்பிலேயே நிற்கும். தண்டுக்கீரையிலும் பசளியிலும் பீற்றூட்டுக்கு நிகராகவோ கூடுதலாகவோ நைத்திரேற்று உண்டு. பாடசாலை அணிகளில் ஆடும் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்தக் கறிகளை மட்டுமே. அவர்களுக்கு எந்தப் போத்தலும் தேவையில்லை. பெற்றோர் கேட்டாலும் என் பதில் அதுதான்.

குடிக்கும் நேரத்தைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குடிப்பதில் பயனில்லை. குருதியில் நைத்திரைற்று உச்சத்தை எட்ட இரண்டரை மணித்தியாலமளவு எடுக்கும். நாலு மணி ஆட்டத்துக்கு ஒன்றரை மணிக்கு, பகற்சாப்பாட்டோடு எடுத்துக்கொள்வது சரியாக இருக்கும். நோன்பு காலத்து இரவு ஆட்டங்களுக்குக் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வீரர்கள் நோன்பு திறந்தபின் குடித்தால், கணக்கு இயல்பாகவே பொருந்திவிடும். முக்கியமான ஆட்டத்துக்கு முன் மூன்று முதல் ஆறு நாட்கள் தொடர்ந்து எடுப்பது ஒற்றைத் தடவையைவிட நம்பகமானது. பற்றீரியாவைக் கொல்லும் மவுத்வோஷால் அந்த நாட்களில் வாய் கொப்பளிக்க வேண்டாம். நாக்கில் உள்ள பற்றீரியாக்கள் அழிந்தால், குடித்த நைத்திரேற்றில் பெரும்பகுதி மாற்றமடையாமல் சிறுநீரோடு போய்விடும். சாதாரணமாகப் பல் துலக்குவதில் பிரச்சினை இல்லை. இறுதியாட்ட நாளில் முதன்முறையாகக் குடித்துப் பார்க்கவும் வேண்டாம், சிலருக்கு வயிறு இரையும், சிலருக்கு வயிற்றால் போகும். சிறுநீர் சிவப்பாக வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்கள் இளம் கோல் காப்பாளர் ஒருவர் “சேர், எனக்கு ரத்தம் போகுது” என்று வெளிறிப்போய் ஓடி வந்தார். அது பீற்றூட்டின் நிறமே தவிர வேறொன்றுமில்லை.

சிலர் இதைத் தொடவே கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பீற்றூட்டில் உள்ள, கல்லை உருவாக்கும் ஒட்சலேற்று என்ற பொருள் தீங்கானது. வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடும். பதவி சிறிபுர போன்று சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட பகுதிகள் எங்கள் மாவட்டத்திலேயே இருப்பதால், அந்த நோய் உள்ளவர்களும் குடும்பத்தில் அது இருப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் செறிவான சாற்றைக் குடிக்கக் கூடாது. அதில் பொற்றாசியமும் அதிகம். குருதியமுக்கத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு அமுக்கம் அளவுக்கு மீறி இறங்கலாம். முதியோர் அணிகளில் ஆடும் அண்ணன்மார் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

நைத்திரேற்று ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இல்லை. ஆயினும் சப்ளிமென்ட் டின்னுக்குள் வேறெதுவும் கலந்திருந்தால் பொறுப்பு வீரனுடையதே. தேசிய மட்டப் போட்டிகளுக்குப் போகும் வீரர்கள், ஊக்கமருந்துக் கலப்படத்துக்காக உற்பத்தித் தொகுதிவாரியாகச் சோதிக்கப்பட்டதற்கான முத்திரை இல்லாத எந்தப் பொருளையும் வாங்க வேண்டாம். இலங்கை ஊக்கமருந்து எதிர்ப்பு முகவர் நிலையம் பரிசோதிக்க வரும்போது, கடைக்காரர் சொன்னார் என்பது விளக்கமாகாது.

எங்கள் கழகத்தில் இப்போது எடுத்திருக்கும் முடிவு இதுதான். பயிற்சிக் காலம் முழுவதும் கீரையும் பீற்றூட் கறியும். சுற்றுப்போட்டியின் கடைசிக் கட்டத்துக்கு மட்டும், முன்பே குடித்துப் பார்த்து வயிறு ஒத்துக்கொண்ட வளர்ந்த வீரர்களுக்கு, நாளுக்கு ஒரு செறிவான சாற்றுப் போத்தல். அதற்கான பணம் கழக நிதியிலிருந்து. மாத்திரைக்கும் அளவு எழுதாத தூளுக்கும் ஒரு சதமும் இல்லை.